பாரடி (நையாண்டிப் போலி)

பாரடி என்பது, பலரும் அறிந்த ஒரு படைப்பின் நடையையோ வடிவத்தையோ, ஒரு படைப்பாளியின் தனிப்பாணியையோ எடுத்துக்கொண்டு, அதற்குள் வேறு பொருளை வைத்து, நகைப்பு உண்டாகுமாறு செய்யும் போலச் செய்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகும். கவிதை, பாடல், நாடகம், புதினம், திரைப்படம், விளம்பரம், செய்தி அறிக்கை என எந்த வடிவத்துக்கும் பாரடி செய்யலாம். தமிழில் இதனை நையாண்டிப் போலி, கேலிப் போலி, பகடி என்று பலவாறு வழங்குவர்.

நகைச்சுவை எல்லாம் பாரடி ஆகாது. போலச் செய்தல் எல்லாமும் பாரடி ஆகாது. இவ்விரண்டும் ஒரே படைப்பில் சேர்ந்திருக்க வேண்டும். அதோடு, எதைப் போலச் செய்திருக்கிறார்கள் என்பது படிப்பவருக்கோ கேட்பவருக்கோ தெரிந்திருக்கவும் வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனை பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஆனால் பாரடி சிரிப்பை வரவழைப்பதும், சில வேளைகளில் வழக்கு மன்றம் வரை செல்வதும் இதனால்தான்.

சொல்லின் பிறப்பு

இச்சொல்லின் மூலம் 'பரோடியா' என்னும் கிரேக்கச் சொல். 'பரா' என்பதற்குப் 'பக்கத்தில்' என்றும் 'எதிராக' என்றும் இரு பொருள்கள் உண்டு. 'ஓடே' என்றால் பாட்டு. மெலடி, டிராஜெடி, காமெடி ஆகிய சொற்களின் இறுதியில் ஒலிக்கும் 'டி'யும் பாட்டைக் குறிக்கும் இதே வேரிலிருந்து வந்ததே. ஆகவே பாரடி என்பதை 'பாட்டின் பக்கத்தில் நிற்கும் பாட்டு' என்றும் கொள்ளலாம், 'பாட்டுக்கு எதிரான பாட்டு' என்றும் கொள்ளலாம்.

இந்த இரு பொருள்களுக்கும் இடமுண்டு என்பதைக் கனடிய அறிஞர் லிண்டா ஹட்சியன் 1985-இல் வெளியான தம் நூலில் வலியுறுத்தினார். மூலத்தை இழிவுபடுத்துவது மட்டுமே பாரடியின் வேலை அன்று. மூலத்தின் மீது மதிப்பு வைத்துக்கொண்டே அதிலிருந்து சற்று விலகி நின்று பார்ப்பதும் பாரடிதான் என்பது அவர் கருத்து. ஆங்கிலத்தில் இச்சொல் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வழங்கி வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

பாரடி எவ்வாறு இயங்குகிறது என்பதை ஒரு சிறு மாதிரியைக் கொண்டு காண்பது எளிது. அலுவலகச் சுற்றறிக்கையின் நடை தமிழ் படிப்பவர் அனைவருக்கும் பழக்கமானது. அந்த நடையில் ஒரு வீட்டுச் செய்தியை எழுதினால் இவ்வாறு அமையும்:

பொருள்: இல்ல நிருவாகம் – முறுக்கு டப்பா – அனுமதியின்றித் திறத்தல் – தடை விதித்தல் – தொடர்பாக.
பார்வை: பாட்டி அவர்களின் வாய்மொழி உத்தரவு, நாள்: தீபாவளிக்கு முந்தைய வியாழன்.
மேற்காண் பொருள் தொடர்பாக, பார்வையில் கண்ட உத்தரவின்படி ஆய்வு மேற்கொள்ளப்பட்டதில், சமையலறை மேல் அலமாரியில் இருப்பு வைக்கப்பட்டிருந்த முறுக்குகளின் எண்ணிக்கை 50-லிருந்து 31 ஆகக் குறைந்துள்ளமை கண்டறியப்பட்டுள்ளது. மேற்படி குறைவுக்கான விளக்கத்தை, வாயில் முறுக்கு இல்லாத நிலையில், நாளைக் காலைக்குள் சமர்ப்பிக்குமாறு பேரன், பேத்தி அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தவறும் பட்சத்தில் அதிரசம் வழங்குவது மறு உத்தரவு வரும் வரை நிறுத்தி வைக்கப்படும்.

இதில் 'பொருள்', 'பார்வை', 'மேற்படி', 'தவறும் பட்சத்தில்' ஆகிய தொடர்களும், யார் செய்தார் என்று சொல்லாத செயப்பாட்டுவினை வாக்கியங்களும் மூலத்திலிருந்து வந்தவை. முறுக்கு, பாட்டி, அதிரசம் ஆகியவை புதிதாக நுழைந்தவை. பெரிய நடையும் சிறிய பொருளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதால் சிரிப்பு பிறக்கிறது. கூடவே, சுற்றறிக்கை நடை எவ்வளவு விறைப்பானது என்பதையும் படிப்பவர் உணர்கிறார். அதாவது, மூலத்தைப் பற்றிய ஒரு விமர்சனமும் உள்ளே இருக்கிறது. சுற்றறிக்கையையே பார்த்திராத ஒருவர் இதைப் படித்தால், யாரோ ஒருவர் முறுக்கு விஷயத்தை ஏன் இப்படிச் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறார் என்று வியப்பாரே தவிரச் சிரிக்க மாட்டார்.

நெருங்கிய சொற்களும் வேறுபாடுகளும்

மாணவர்கள் பாரடியோடு குழப்பிக்கொள்ளும் சொற்கள் சில உண்டு.

அங்கதம் (சட்டயர்): சமூகத்தின் குறையையோ ஒருவரின் தீய செயலையோ நகைப்பின் வழியே கண்டிப்பது. இதற்கு வேறொரு படைப்பைப் போலச் செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. பாரடியின் இலக்கு ஒரு படைப்பு அல்லது ஒரு நடை. அங்கதத்தின் இலக்கு உலகம். பாரடியை ஒரு கருவியாகக் கொண்டு அங்கதம் எழுதுவதும் உண்டு.

பாஸ்டீஷ்: ஒருவரின் நடையைக் கேலி இல்லாமல் பின்பற்றி எழுதுவது. பல பொருள்களைக் கலந்து வேகவைக்கும் பண்டம் ஒன்றைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து இது பிறந்தது.

பர்லெஸ்க்: உயர்ந்த பொருளைத் தாழ்ந்த நடையிலோ, அற்பமான பொருளை உயர்ந்த நடையிலோ கூறி நகைப்பூட்டுவது. 'புர்லா' என்னும் இத்தாலியச் சொல்லுக்கு வேடிக்கை என்று பொருள். மேலே கண்ட முறுக்குச் சுற்றறிக்கை இதன் இரண்டாம் வகையோடும் பொருந்தும்.

கேலிச்சித்திரம் (கேரிகேச்சர்): ஒருவரின் மூக்கு, தலைமுடி, நடை போன்ற ஓர் அடையாளத்தை மிகைப்படுத்திக் காட்டுவது.

ஸ்பூஃப்: பாரடிக்கு இணையாகப் பேச்சு வழக்கில், குறிப்பாகத் திரைப்படங்களுக்கு, வழங்கும் சொல்.

பலகுரல் (மிமிக்ரி): ஒருவரின் குரலையும் உடல்மொழியையும் அப்படியே காட்டும் திறமை. அந்தக் குரலில் அவர் ஒருபோதும் சொல்லாததைச் சொல்லவைத்து அவருடைய பாணியை எடுத்துக்காட்டும்போதுதான் அது பாரடியின் எல்லைக்குள் வருகிறது.

இலக்கியத் திருட்டு இவை எல்லாவற்றுக்கும் நேர்மாறானது. திருடுபவர் மூலத்தை மறைக்க முயல்கிறார். பாரடி செய்பவர் மூலம் தெரியவேண்டும் என்று விரும்புகிறார்.

வரலாறு

பாரடிகளை முதலில் இயற்றியவர் தாசோஸ் தீவைச் சேர்ந்த ஹெகெமோன் என்று அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' நூலில் குறிப்பிடுகிறார். இவர் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். ஏதென்சு நகர அரங்கில் இவருடைய பாரடி நடந்துகொண்டிருந்தபோது, சிசிலிப் போரில் ஏதென்சுப் படை அழிந்த செய்தி வந்தது என்றும், உறவினரை இழந்தவர்கள்கூட அரங்கை விட்டு எழுந்து போகவில்லை என்றும் பின்னாள் எழுத்தாளர் அத்தினேயஸ் எழுதியிருக்கிறார்.

பண்டைக் கிரேக்கத்திலிருந்து முழுமையாகக் கிடைத்துள்ள பாரடிகளில் புகழ்பெற்றது 'தவளை எலிப் போர்' என்னும் சுமார் 300 அடிகள் கொண்ட கவிதை. ஹோமரின் 'இலியட்' காவிய நடையில், வீரர்களின் வமிசப் பெருமை, படைக்கலம் பூணுதல், தேவர்களின் ஆலோசனை ஆகிய அனைத்தையும் எலிகளுக்கும் தவளைகளுக்கும் பொருத்தி இது பாடப்பட்டுள்ளது. ஒரு தவளை அரசன் எலி ஒன்றை முதுகில் ஏற்றிக் குளத்தைக் கடக்கிறான், நீர்ப்பாம்பைக் கண்டதும் தன் உயிருக்கு அஞ்சி நீரில் மூழ்கிவிடுகிறான், எலி இறக்கிறது, போர் மூள்கிறது. ஒரே நாளில், நண்டுகளின் வருகையால் போர் முடிகிறது. அரிஸ்டோபனீஸ் கி.மு. 405-இல் அரங்கேற்றிய 'தவளைகள்' நாடகத்தில் எஸ்கிலஸ், யூரிப்பிடீஸ் ஆகிய இரு நாடகாசிரியர்களின் நடைகளும் பாரடி செய்யப்படுகின்றன.

புதினம் என்னும் வடிவம் வளர்ந்ததில் பாரடிக்குப் பெரும்பங்கு உண்டு. செர்வாண்டிஸ் 1605-லும் 1615-லும் இரு பகுதிகளாக வெளியிட்ட 'டான் குயிக்ஸாட்' அக்கால வீரசாகசக் கதைகளின் பாரடியாகத் தொடங்கிய நூல். ஆங்கிலத்தில் சாமுவேல் ரிச்சர்ட்சன் 1740-இல் 'பமீலா' என்னும் புதினத்தை எழுதினார். முதலாளியின் ஆசைக்கு இணங்காத பணிப்பெண் இறுதியில் அவனையே மணந்துகொள்ளும் கதை அது. மறு ஆண்டே ஹென்றி பீல்டிங் 'ஷமீலா' என்ற பாரடியை வெளியிட்டார். அதில் பணிப்பெண்ணின் கற்பு வேடமே திட்டமிட்ட தந்திரம். 'ஷாம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பாசாங்கு என்று பொருள். எனவே தலைப்பிலேயே கேலி இருக்கிறது. ஜேன் ஆஸ்டினின் 'நார்தேங்கர் அபி', பாழடைந்த மாளிகைகளையும் மர்மங்களையும் கொண்ட திகில் புதினங்களின் பாரடி ஆகும்.

20-ஆம் நூற்றாண்டில் திரைப்படமும் இசைத்தட்டும் பாரடியைப் பரவலாக்கின. 1980-இல் வெளியான 'ஏர்பிளேன்!' என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படம், 1957-இல் வெளியான 'ஜீரோ அவர்!' என்னும் விமான ஆபத்துப் படத்தின் கதையை ஒட்டி அமைந்தது. முதல் படத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய காட்சிகள் இரண்டாவதில் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கின்றன. அமெரிக்கப் பாடகர் 'வியர்ட் அல்' யாங்கோவிக், மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' பாடலை 1984-இல் 'ஈட் இட்' என்று உணவைப் பற்றிய பாடலாக மாற்றிப் பாடினார். மூலப் பாடகர்களிடம் அனுமதி கேட்டுப் பெற்றபின் பாடுவது அவரது வழக்கம்.

மூலம் மறக்கப்பட்டால்

மூலத்தை அறிந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு லூயிஸ் கரோல் 1865-இல் வெளியிட்ட 'ஆலிஸின் அற்புத உலகம்' நல்ல சான்று. அதில் வரும் பாடல்கள் பலவும் பாரடிகளே. உழைக்கும் தேனீயைப் புகழ்ந்து குழந்தைகளுக்குச் சுறுசுறுப்பைப் போதிக்கும் ஐசக் வாட்ஸின் 1715-ஆம் ஆண்டுப் பாடல், கரோலிடம் சிறு மீன்களைப் புன்னகையோடு வரவேற்று விழுங்கும் முதலையின் பாடலாக மாறுகிறது. முதுமையில் அமைதியோடு வாழும் வழியை ஓர் இளைஞனுக்குக் கிழவர் உபதேசிக்கும் ராபர்ட் சதியின் கவிதை, தலைகீழாக நிற்கும் கிழவரின் கவிதையாக மாறுகிறது.

விக்டோரியா காலத்துப் பள்ளிக் குழந்தைகள் இந்த மூலப் பாடல்களை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்கள். ஆகவே கரோலின் வரிகளைக் கேட்டதும் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. இன்று அந்த மூலப் பாடல்களைப் பெரும்பாலோர் அறியார். முதலையும் தலைகீழ்க் கிழவரும் மட்டுமே எஞ்சியிருக்கிறார்கள். இன்றைய குழந்தை அவற்றை வேடிக்கைப் பாடல்களாக ரசிக்கிறதே தவிர, தனக்குப் போதித்தவர்களைத் திருப்பிக் கேலி செய்யும் துணிச்சல் அதில் இருந்தது என்பதை அறிவதில்லை. பாடநூலில் குறிப்புரை சேர்க்கப்படுவது இதற்காகவே.

போலி என்று தெரியாமல் போனால்

மூலம் மறைந்தால் பாரடி வெறும் வேடிக்கையாகிறது. அது போலி என்பதே மறைந்துவிட்டாலோ, பொய்யாகிவிடுகிறது.

'தி ஆனியன்' என்பது செய்தித்தாளின் நடையைப் போலச் செய்து கற்பனைச் செய்திகளை வெளியிடும் அமெரிக்க இதழ். 2012-ஆம் ஆண்டுக்கான உலகின் மிகக் கவர்ச்சியான ஆண் வட கொரியத் தலைவர் கிம் ஜாங்-உன் என்று அது அறிவித்தது. சீனாவின் 'மக்கள் நாளிதழ்' இணையதளம் இதை உண்மைச் செய்தியாக எடுத்துக்கொண்டு, அவருடைய 55 படங்களோடு வெளியிட்டது. செய்தி நடையின் வடிவம் சரியாக இருந்ததே அந்தத் தவறுக்குக் காரணம்.

இதைவிடக் கடுமையான விளைவு 2016-இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பார்மா நகரில் நேர்ந்தது. அந்நகரக் காவல் துறையின் முகநூல் பக்கத்தைப் போலவே ஒரு கேலிப் பக்கத்தை அந்நகரவாசி ஒருவர் உருவாக்கினார். ஒரு நாள்கூட நீடிக்காத அந்தப் பக்கத்துக்காக அவர் கைது செய்யப்பட்டு நான்கு நாள்கள் சிறையில் இருந்தார். நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. பின்னர் அவர் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கு மேல்முறையீட்டில் தோற்றது. அவ்வழக்கு 2022-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றபோது 'தி ஆனியன்' அவருக்கு ஆதரவாக ஒரு மனுவைத் தாக்கல் செய்தது. 'இது கேலி' என்று முன்கூட்டியே எழுதி ஒட்டச் சொன்னால் பாரடி என்னும் கலையே இல்லாமல் போகும். முதலில் நம்பி, மறுகணம் உண்மையை உணர்வதில்தான் அதன் பயன் இருக்கிறது என்பது அம்மனுவின் வாதம். அந்த மனுவே நீதிமன்ற ஆவண நடையைப் பகடி செய்யும் பகுதிகளோடு எழுதப்பட்டிருந்தது. ஆயினும் 2023-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்துவிட்டது.

படிப்பவர் ஒரு கணம் ஏமாறுவது பாரடியின் ஒரு பகுதி. அந்த ஏமாற்றம் கலையாமலே அவர் அச்செய்தியை அடுத்தவருக்கு அனுப்பிவிட்டால், எழுதியவரின் நோக்கம் என்னவாக இருந்தாலும், பரவுவது பொய்ச் செய்திதான். கைப்பேசியில் ஒரு கேலிச் செய்தி வெளியான இடத்தின் பெயர் நீங்கி, வெறும் படமாகவோ சில வரிகளாகவோ கைமாறும்போது இது எளிதில் நிகழ்கிறது.

சட்டத்தின் பார்வை

பாரடி செய்ய மூலத்திலிருந்து ஓரளவு எடுத்தே ஆகவேண்டும். எனவே பதிப்புரிமைக் கேள்வி எழுகிறது.

அமெரிக்காவில் இதற்கு வழிகாட்டியாக விளங்குவது 1994-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ராய் ஆர்பிசனின் 1964-ஆம் ஆண்டுப் பாடலான 'ஓ, பிரெட்டி உமன்' பாடலை '2 லைவ் க்ரூ' என்னும் ராப் குழு பகடி செய்து பாடியது தொடர்பான வழக்கு அது. பணம் ஈட்டும் நோக்கம் இருப்பதால் மட்டுமே ஒரு பாரடி நியாயமான பயன்பாடு ஆகாமல் போய்விடாது என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். தன் கருத்தைச் சொல்லப் பாரடி மூலத்தைப் பின்பற்றியே ஆகவேண்டும். அங்கதமோ தன் சொந்தக் காலில் நிற்க முடியும், ஆதலால் பிறர் படைப்பை எடுப்பதற்கு அது தனியே காரணம் காட்ட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வேறுபடுத்தியது.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-இல், ஒரு பெல்ஜியச் சித்திரக்கதை அட்டை தொடர்பான வழக்கில், பாரடிக்கு இரண்டு பண்புகளைச் சுட்டியது: ஏற்கெனவே உள்ள படைப்பை நினைவூட்ட வேண்டும், அதே வேளையில் அதிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும், நகைச்சுவையையோ கேலியையோ வெளிப்படுத்த வேண்டும். அதே ஆண்டில் பிரிட்டனும் தன் பதிப்புரிமைச் சட்டத்தில் பாரடிக்கு விலக்கு அளித்தது.

இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாரடி என்ற சொல் இல்லை. எனினும் விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாளுவதை 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. இதன் எல்லையை ஆராய்ந்த முக்கிய வழக்கு கேரளத்தில் நடந்தது. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற மலையாள நாடகம் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' (நீங்கள் என்னைக் கம்யூனிஸ்டாக்கினீர்கள்). சிவிக் சந்திரன் அதற்கு எதிர்நாடகமாக 'நிங்ஙள் ஆரே கம்யூனிஸ்டாக்கி' (நீங்கள் யாரைக் கம்யூனிஸ்டாக்கினீர்கள்) என்பதை எழுதினார். மூலத்தின் பாத்திரங்களும் காட்சிகளும் அதில் இடம்பெற்றதால் வழக்கு எழுந்தது. எடுத்த அளவு, எடுத்த நோக்கம், மூலத்தோடு போட்டியிடும் வாய்ப்பு ஆகியவற்றைக் கருதிய கேரள உயர் நீதிமன்றம், நோக்கம் நகலெடுப்பது அன்று, விமர்சிப்பதே என்று கண்டு 1996-இல் எதிர்நாடகத்துக்குச் சாதகமாக முடிவு செய்தது.

தமிழில் இச்சொல்

பாரடிக்கு நேரான ஒரே தமிழ்ச்சொல் இன்னும் நிலைபெறவில்லை. 'பகடி' என்பது கேலி, பரிகாசம் என்னும் பரந்த பொருள் கொண்டது. இலங்கைத் தமிழில் 'பகிடி' என்பது அன்றாட வேடிக்கைப் பேச்சைக் குறிக்கும். கல்லூரிகளில் புதியவர்களைத் துன்புறுத்துவதை அங்கே 'பகிடிவதை' என்பர். 'அங்கதம்' தொல்காப்பியச் செய்யுளியலிலேயே செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என வகைப்படுத்தப்பட்ட பழஞ்சொல். ஆனால் அது வசையைக் குறிப்பதால் சட்டயர் என்பதற்கே மிகப் பொருந்தும். போலச் செய்தலும் நகைப்பும் ஒருங்கே தோன்றுவதால் 'நையாண்டிப் போலி' என்பது பொருளுக்கு நெருக்கமானது. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதும்போது 'பாரடி' என்பது தோழியை அழைத்துப் 'பார், அடி' என்பது போலவும் ஒலிக்கும். இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டும்.

தமிழ்த் திரையில் முழுநீளப் பாரடிக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, சி. எஸ். அமுதன் இயக்கி 2010-இல் வெளியான 'தமிழ்ப் படம்'. நாயகன் அறிமுகம், பஞ்ச் வசனம், ஒரே பாடலில் செல்வந்தராதல் போன்ற வழக்கங்களை அது கேலி செய்தது. அவ்வழக்கங்களைப் பல படங்களில் பார்த்துப் பழகிய ரசிகர்களே அதன் முழுச் சுவையையும் அறிவர். இதன் இரண்டாம் பாகம் 2018-இல் வந்தது.

ஆங்கிலத்தில் பயன்படும் முறை

பாரடி என்பது பெயராகவும் வினையாகவும் வரும். 'இது அந்தப் பாடலின் பாரடி' என்பது பெயர். 'அவர் அந்தப் பாடலைப் பாரடி செய்தார்' என்பது வினை. பாரடி செய்பவர் 'பாரடிஸ்ட்' எனப்படுவார்.

நகைச்சுவைக்குத் தொடர்பில்லாத இன்னொரு பொருளும் உண்டு. 'அந்த விசாரணை நீதியின் பாரடி' என்றால், பெயருக்கு விசாரணை, உண்மையில் கேலிக்கூத்து என்று பொருள். இங்கே சொல்பவரின் தொனி கண்டனமே. ஒருவர் தம் பழைய பாணியையே மிகைப்படுத்தித் திரும்பத் திரும்பச் செய்து, தம்மையே கேலிப்பொருள் ஆக்கிக்கொள்வது 'தன்பாரடி' நிலை.

ஒலி ஒற்றுமையால் குழப்பம் தரும் சொற்கள் இரண்டு. 'பாரடாக்ஸ்' என்பது முரண்போலத் தோன்றும் மெய்ம்மை. 'பாரபிள்' என்பது நீதிக்கதை. மூன்றிலும் முதலில் நிற்பது 'பரா' என்னும் அதே கிரேக்க முன்னொட்டே, பொருள்கள் வேறு.

பாரடியை இனங்காணுதல்

ஒரு படைப்பு பாரடியா என்று அறிய மூன்று கேள்விகள் உதவும். இது எந்தப் படைப்பை அல்லது எந்த நடையைப் போல இருக்கிறது? அதிலிருந்து எங்கே வேண்டுமென்றே விலகுகிறது? அந்த விலகல் மூலத்தைப் பற்றி எதைச் சொல்கிறது? மூன்றுக்கும் விடை கிடைத்தால் அது பாரடி. முதல் கேள்விக்கு மட்டும் விடை இருந்தால் அது நகலாகவோ பாஸ்டீஷாகவோ இருக்கலாம். நம்ப முடியாத செய்தி ஒன்று செய்தித்தாள் நடையில் கைப்பேசிக்கு வரும்போதும் இவற்றோடு, 'இது முதலில் எங்கே வெளியானது?' என்ற நான்காம் கேள்வியையும் கேட்டுவிட்டு அடுத்தவருக்கு அனுப்புவது நல்லது.